கேஸ் வந்தும் விறகு ஏன்?

ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் இரண்டு அடுப்பு உண்டு. உள்ளே மேடையில் துணி போட்டு மூடிய கேஸ் அடுப்பு, கொல்லையில் விறகடுப்பு. காலையில் டீ போட, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்துக்கு, மழை நாளுக்கு, விருந்தாளி வந்தால் கேஸ். சோறு வடிப்பதும் வெந்நீர் போடுவதும் விறகில்தான். பானையின் அடியில் ஈரச் சாம்பலைப் பூசித்தான் அடுப்பில் ஏற்றுவார்கள். அப்போதுதான் கரியைத் தேய்த்தெடுக்கச் சுலபம். வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக் கருவேலம் ஊரைச் சுற்றிக் கிடக்கிறது. அதற்குக் காசு இல்லை. முள்ளை வெட்டிக் கட்டித் தலையில் சுமந்து வரும் பெண்ணின் பொழுதுக்கு யாரும் விலை போடுவதும் இல்லை.

இதைப் பார்த்து, "விழிப்புணர்வு போதவில்லை" என்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டுக்குள் சூழும் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆனால் புகை நெஞ்சை அடைக்கும் என்று ஊதுகுழல் பிடிப்பவளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சிலிண்டர் தீரும் நாளில் அவள் கையில் பணம் இல்லை, அவ்வளவுதான்.

2023 ஆகஸ்டில் விலை குறையும் முன் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 294 ரூபாய். முழுக் கூலி கிடைத்தாலும் ஏறக்குறைய நாலு நாள் உழைப்பை ஒரே மூச்சில் எடுத்து வைக்க வேண்டும். ஏழைப் பெண்களுக்குக் கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வாலா திட்டக் குடும்பங்களுக்கு அப்போது சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் முழு விலையையும் எண்ணிக் கொடுத்த பிறகுதான் அது வங்கிக் கணக்கில் ஏறும்.

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய உஜ்வாலா, இன்று 10 கோடி இணைப்புகளைத் தாண்டிவிட்டது. எல்லாம் பெண்கள் பெயரில். மனதாரப் பாராட்ட வேண்டிய காரியம் இது. ஆனால் முதல் கட்டத்தில் அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாக வாங்கியவர்களிடம், அடுத்தடுத்த சிலிண்டர்களின் மானியத்திலிருந்தே கடனைப் பிடித்தார்கள். மிகவும் ஏழையான வீடுதான் மானியமில்லாத விலையில் வாங்கியது. 2021-இல் வந்த இரண்டாம் கட்டத்தில்தான் இரண்டும் இலவசமாயின. இந்தக் குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக வாங்கிய சிலிண்டர் 2019-20-இல் சுமார் மூன்று; 2023-24-இல் ஏறத்தாழ நான்கு. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் எல்லாச் சமையலும் கேஸில் என்றால், ஒரு சிலிண்டர் இரண்டு மாதம் வருவதே அபூர்வம்.

2020 ஊரடங்கில் மூன்று சிலிண்டருக்கான பணம், சிலிண்டர் வாங்கும் முன்பே இந்தக் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. சுமார் 14 கோடி சிலிண்டர்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வழியை நிரந்தரமாக்கலாம்: மானியம் முன்கூட்டியே வரட்டும், திட்டத்தில் ஏற்கெனவே உள்ள 5 கிலோ சிலிண்டர் ஊர்க் கடையிலேயே கிடைக்கட்டும். நாடாளுமன்றத்தில் எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்று சொல்லும்போது, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை சிலிண்டர் மறுபடி வாங்கப்பட்டது என்ற கணக்கையும் சேர்த்துச் சொல்லட்டும்.