மார்புக் கவசம்: தடிமன் மட்டும் போதுமா?

கவசம் எந்தக் காயத்துக்கு?

லக்ராஸ் என்ற விளையாட்டின் பந்து கெட்டி ரப்பரால் ஆனது. எடை சுமார் 145 கிராம், கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே குறைவு. நீண்ட மட்டையின் நுனி வலையிலிருந்து தேர்ந்த ஆண் வீரர்கள் அதை வீசும்போது வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. உடலால் மோதுவதும் அந்த ஆட்டத்தில் விதிக்கு உட்பட்டதே. அதனால் அமெரிக்காவில் பையனை லக்ராஸில் சேர்க்கும் பெற்றோர், முகக்கம்பி வைத்த ஹெல்மெட், பல் கவசம், கையுறை, தோள் கவசம், முழங்கைக் கவசம் என்று வரிசையாக வாங்க வேண்டியிருக்கிறது. இத்தனையும் மாட்டிவிட்டால் பிள்ளை பத்திரம் என்ற நினைப்பு இயல்பாக வந்துவிடும். அங்கேதான் தவறு. ஒவ்வொரு கவசமும் ஒரு குறிப்பிட்ட காயத்தைத்தான் தடுக்கிறது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். மூளை அதிர்ச்சி வரவே வராது என்று உறுதி தராது. பல் கவசம் பல்லுக்கு, அவ்வளவுதான். கடையில் கேட்க வேண்டியது, எந்த அடிக்காக இதைச் சோதித்தார்கள் என்பதையே.

நெஞ்சில் படும் பந்து

இதற்கு மார்புக் கவசத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. 2004-ல் கார்னெல் பல்கலைக்கழக வீரர் ஒருவர் ஆட்டத்தின்போது நெஞ்சில் பந்து பட்டுச் சரிந்தார், உயிர் பிழைக்கவில்லை. எலும்பு முறிவோ இதயக் கோளாறோ இல்லாத இளைஞர்களையும் இப்படிப்பட்ட அடி சாய்த்துவிடும். மருத்துவர்கள் இதைக் கமோஷியோ கார்டிஸ் என்கிறார்கள். ஒரு துடிப்பு முடிந்து, அடுத்ததற்கு இதயம் மின்னளவில் தயாராகும் வேளையில், சில பத்து மில்லிநொடிகளே நீளும் ஓர் இடைவெளி உண்டு. அடி சரியாக அப்போது விழுந்தால் துடிப்பு தாறுமாறாகி, ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ஆய்வாளர் மார்க் லிங்க் குழுவினர் பன்றிகளில் செய்த சோதனைகளில் மிக ஆபத்தான வேகம் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டராக இருந்தது. பள்ளிப் பையன் சர்வசாதாரணமாக எட்டும் வேகம் இது. விலாக்கூடு இன்னும் இறுகாத பதின்வயதினரே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

அமெரிக்காவில் தொகுக்கப்பட்ட பதிவேட்டைப் பார்த்தால், போட்டி ஆட்டங்களில் இப்படிச் சாய்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மார்புக் கவசம் அணிந்திருந்தார். அந்தக் கவசங்கள் சிராய்ப்பையும் வலியையும் குறைக்கச் செய்யப்பட்டவை. இதயத்துக்குப் போகும் விசையை யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. பிறகுதான் நாக்சே என்ற தர நிர்ணயக் குழு, இதயம் இருக்கும் இடத்தில் விசையை அளக்கும் மாதிரி மார்பைக் கொண்டு என்.டி.200 தரத்தை வகுத்தது. அந்த முத்திரை உள்ள கவசம் 2021 முதல் கோல்காப்பாளருக்கும், 2022 முதல் மற்ற ஆண் வீரர்களுக்கும் அமெரிக்காவில் கட்டாயம். அண்ணன் போட்ட பழைய கவசத்தைத் தம்பிக்கு மாட்டும் வீட்டில் முதலில் தேட வேண்டியது இந்த முத்திரையைத்தான்.

ஆட்சேபங்கள்

கவசம் கூடினால் ஆட்டம் முரட்டுத்தனமாகும் என்ற வாதம் பெண்கள் லக்ராஸில் நெடுநாள் ஒலித்தது. அங்கே மோதல் விதிக்குப் புறம்பு, கவசமும் குறைவு. ஆனாலும் அமெரிக்காவில் கண் கவசம் கட்டாயமான பின் பள்ளி மாணவிகளின் கண் காயங்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகச் சரிந்தன. அதே ஆய்வில் மூளை அதிர்ச்சிப் பதிவுகள் கூடியிருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை; விழிப்புணர்வு கூடியதால் பதிவும் கூடியிருக்கலாம். மறுபுறம், 2018-ல் மாணவிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிய ஃபுளோரிடாவோடு ஒப்பிட்டால், கட்டாயம் இல்லாத மாநிலங்களில் மூளை அதிர்ச்சி விகிதம் ஒன்றரை மடங்கை ஒட்டியோ மேலாகவோ இருந்தது. முரட்டுத்தனத்தைக் கட்டுப்படுத்துவது நடுவரின் வேலை. அதற்காகக் கண்ணைத் திறந்துவிட வேண்டியதில்லை.

நெஞ்சடியால் இதயம் நிற்பது மிக அரிது, அதற்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி நியாயமானது. அரிது என்பது உண்மை. ஆனால் நேர்ந்தால் நிமிடக் கணக்கில் உயிர் போகும், பலியாவதோ ஆரோக்கியமான பிள்ளை. என்.டி.200-உம் அபாயத்தைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. எனவே மைதானக் கருவிகளின் பட்டியலில் ஏ.இ.டி. எனும் தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியும் இருக்க வேண்டும். 1990களின் தொடக்கம் வரை நெஞ்சடியால் இப்படிச் சாய்ந்தவர்களில் பிழைத்தவர்கள் பத்தில் ஒருவர். 2006–2012 காலத்தில் பாதிக்கும் மேல். மார்பை அழுத்தும் முதலுதவியும் மூன்று நிமிடத்துக்குள் கைக்கு வரும் ஏ.இ.டி.யும் இதற்குப் பெரும் காரணங்கள். பூட்டிய அலுவலக அறைக்குள் அது இருந்தால் அந்த மூன்று நிமிடம் சாவி தேடுவதிலேயே போய்விடும்.