பூசணிக்காய் பார்க்கப் போனோம்

பணம் கொடுத்துப் பூசணிக்காய் பார்க்கப் போனோம் என்றால் ஊரில் உள்ளவர்கள் நகைப்பார்கள். வேலியிலே படர்ந்து, கூரையிலே ஏறி, கேட்பாரின்றிக் காய்க்கும் ஒரு கொடியைக் காண்பதற்கு, ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் விடுமுறை நாளிற் காலையுணவையும் அரைகுறையாக உண்டுவிட்டுப் புறப்படுவதா? ஆயினும் கனடா தேசத்தில், ஒன்ராறியோ மாகாணத்தில், இலையுதிர் காலம் வந்துவிட்டாற் குழந்தைகளுள்ள வீடுகளிலெல்லாம் இந்தப் பயணத்தைப் பற்றித்தான் பேச்சு. சென்ற ஆண்டு ஸ்காபரோவில் மகளின் வீட்டிற் சில மாதங்கள் தங்கியிருந்த நானும் என் கணவரும் அந்த வழக்கத்துக்குத் தப்பவில்லை.

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மருமகன் காரை வடக்கு நோக்கிச் செலுத்தினார். நகரத்தின் மாடிக் கட்டிடங்கள் பின்னே ஒதுங்க, இருமருங்கிலும் மேப்பிள் மரங்கள் தீப்பற்றியவை போல நின்றன. பகற்பொழுது குறுகும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைந்து போகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ அக்காலத்திற் புதிதாகவே இலையில் உண்டாகிறது என்பர். என் கணவருக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "இவ்வளவு குழையையும் யார் கூட்டி அள்ளுவார்கள்? எத்தனை வண்டிப் பசளை!" என்பதே அவருடைய கவலை. உரும்பிராயின் செம்மண்ணில் நாற்பது ஆண்டுகள் வெங்காயமும் மிளகாயும் மரவள்ளியும் செய்த மனிதர் வேறெப்படி நினைப்பார்?

கமத்தின் வாயிலில் ஆறு பேருக்குமாக மருமகன் கொடுத்த நுழைவுக் கட்டணத்தை இலங்கை ரூபாயிற் பெருக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மூடை அரிசியின் விலைக்கு மேல் வருகிறது என்று அவர் என் காதருகே முணுமுணுத்தார். உள்ளே திருவிழாக் கூட்டம். உலர்ந்த புற்கட்டுகளை மலைபோல் அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றின் மேலேறிக் குதிப்பது ஒரு விளையாட்டு. ஆளுயரச் சோளத் தோட்டத்தினுள்ளே வளைந்து வளைந்து வழி வெட்டி, உள்ளே சென்றவர்கள் வெளியே வரத் திண்டாடுவது மற்றொரு விளையாட்டு. ஆட்டுக்குட்டியைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு வரிசை நின்றது. எங்கள் வளவில் ஆடு தானே வந்து சேலைத் தலைப்பைத் தின்னும். இங்கே குழந்தைகள் கைகழுவிவிட்டுக் காத்து நிற்கிறார்கள்.

ஓரிடத்திற் சிறுவர்களுக்காக ஒரு பலகை எழுதி வைத்திருந்தார்கள். எட்டு வயதுப் பேரன் அதனை ஆங்கிலத்தில் வாசித்துத் தன் அம்மப்பாவுக்குத் தனக்குத் தெரிந்த தமிழிற் சொன்னான். பூசணிப் பூக்களையே நம்பி வாழும் ஒருவகைத் தேனீ இந்நாட்டில் உண்டாம். அது மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடும். விடியற்காலையிற் பூ மலரும்போதே வேலையைத் தொடங்கிவிடும். நண்பகலிற் பூ சுருங்கியதும் ஆண் தேனீ அப்பூவுக்குள்ளேயே படுத்து உறங்கிவிடுமாம். கேட்ட கிழவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு என்பதையும், பெண்பூவின் அடியிற் குண்டுமணி போலொரு பிஞ்சு இருக்கும் என்பதையும், தேனீ வராத நாட்களில் விடியுமுன் எழுந்து ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தாம் தொட்டு வைப்பதையும் அவர் சொல்ல, பேரன் வாய்திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் வந்திறங்கிய நாளிலிருந்து இவ்விருவரும் இவ்வளவு நேரம் பேசியதை அன்றுதான் கண்டேன்.

பின்னர் உழவு இயந்திரம் இழுத்த வண்டியில் ஏறிப் பூசணி வயலுக்குச் சென்றோம். உறைபனி விழுந்து கொடிகளும் இலைகளும் கருகிப் போயிருந்தன. அந்தக் கருமைக்கு மேலே, கண்ணுக்கெட்டிய தூரம்வரை, செம்மஞ்சள் நிறக் காய்கள். என் கணவர் குனிந்து ஒருபிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். "இறைப்பே இல்லாமலா இவ்வளவும்?" என்று கேட்டார். கிணற்றோடு மல்லுக்கட்டியவருக்கு மழையை மாத்திரம் நம்பி இப்படிக் காய்த்த நிலம் ஓர் அதிசயம்.

பேரன் ஓடியோடித் தேடி, நிமிர்ந்து நின்ற பெரிய காயொன்றைத் தெரிந்தெடுத்தான். "இது கறிக்கு நல்லதா?" என்று நான் கேட்டேன். "கறிக்கு இல்லை அம்மம்மா. முகம் வெட்டப் போகிறேன். பிறகு எறிவது" என்றான் அவன்.

ஒக்டோபர் 31 ஆம் திகதி இரவு இங்கே 'ஹலோவீன்' கொண்டாடுவார்கள். பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வாயிற்படியில் வைப்பது வழக்கம். அயர்லாந்து மக்கள் தம் நாட்டில் ரேணிப் கிழங்கிலே செய்துவந்ததை அமெரிக்காவுக்கு வந்தபின் பூசணிக்காயிற் செய்தார்கள். குடைவதற்கு அதுவன்றோ எளிது! கண்ணூறு கழிப்பதற்காக நாமும் வாயிலில் நீற்றுப்பூசணியை வெட்டுகிறோம் என்பதை நினைத்தால் இதிற் பெரிய குறை காண்பதற்கில்லை.

ஆனால் 'எறிவது' என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது. "சாப்பாட்டுச் சாமானை விளையாடி எறிவதா?" என்று உரத்த குரலிற் சொல்லிவிட்டு, வண்டியையும் எங்களையும் விட்டு வயலின் மறுகோடி நோக்கி நடந்தார். பேரன் திகைத்து நின்றான். மகள் ஒன்றும் பேசவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. மழை. மகளுக்கு அப்போது பத்து வயது. சைக்கிளில் ஒருபுறம் துணிமூட்டையும் மறுபுறம் வளவிலிருந்து கடைசியாகப் பறித்த இரண்டு பூசணிக்காய்களும் தொங்கின. அரிசி முடிந்த பின்னரும் அவை இருந்தன. பள்ளிக்கூட மண்டபமொன்றில் உப்பும் தண்ணீரும் விட்டு அவித்து, எங்களுக்கும் பக்கத்தில் இருந்தவர்களுக்குமாகப் பல நாட்கள் பங்கிட்டோம். தோலைக்கூட வீசியதில்லை. இதனை என் கணவர் யாருக்கும் சொல்வதில்லை. அன்று அந்தக் குழந்தைக்கும் சொல்லவில்லை.

வயலின் கோடியில் மூன்று நான்கு தொழிலாளர்கள் காய்களைப் பெரும் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டிருந்தனர். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களுள் ஒருவரோடு இவர் கைச்சைகையாற் பேசிக்கொண்டிருந்தார். அவர் மெக்சிக்கோ நாட்டவர். ஒவ்வோர் ஆண்டும் பருவகாலத் தொழிலாளராக இங்கே வந்து திரும்புகிறவர். 1966 இல் ஜமெய்க்கா நாட்டவரைக் கொண்டு தொடங்கி, 1974 இல் மெக்சிக்கோவுக்கும் விரிக்கப்பட்ட ஏற்பாடு அது. ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் அதன்கீழ்த் தங்க முடியாது. மனைவி மக்களை உடன் கொண்டுவருவதற்கும் அதில் இடமில்லை. தம் பிள்ளைகளின் படத்தைக் கைத்தொலைபேசியில் அவர் காட்ட, வயலில் நின்ற பேரனையும் பேர்த்தியையும் இவர் விரலாற் காட்டினார்.

பூசணி உண்மையில் அந்த மனிதரின் தாய்நாட்டுச் செல்வம். மெக்சிக்கோவின் ஒகாக்கா மாநிலத்துக் குகையொன்றில் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பூசணி விதைகள் கிடைத்துள்ளன. நீற்றுப்பூசணிதான் ஆசியாவுக்கு உரியது. நாம் கறியாக்கும் பூசணியோ, மிளகாயைப் போலவே, 1492 இற் கொலம்பசு கடல் கடந்த பின்னர் ஐரோப்பியரின் மரக்கலங்களில் உலகெங்கும் பரவிய பொருள். அதனை நம் ஊர்ப்பொருளென்றும் சிங்களச் சகோதரர் 'வட்டக்கா' என்றும் சொந்தங் கொண்டாடிவருகிறோம். அம்மனிதர் பூவையும் உண்போம், விதையையும் வறுத்து உண்போம் என்று சைகை செய்ய, எம்மவருக்குப் பாதிக் கோபம் தணிந்துவிட்டது.

மீதிக் கோபத்தைத் தணித்தவர் கமத்தின் உரிமையாளரான மூதாட்டி. விற்பனைக் கொட்டகையில் மகள் மொழிபெயர்க்க, இவர் கேட்க வேண்டியதை நேராகவே கேட்டுவிட்டார்: உணவாகாத காயை ஏன் விளைவிக்கிறீர்கள்? அந்த அம்மையார் கோபிக்கவில்லை. மரக்கறியாக மொத்தச் சந்தைக்கு அனுப்பினால் உழவுக்கூலியும் தேறுவதில்லை என்றும், ஆண்டில் ஆறு வாரம் இக்குடும்பங்கள் வந்து ஓடியாடிப் போவதாலேயே இந்நிலம் வீட்டுமனையாகாமல் இருக்கிறது என்றும் சொன்னார். தம் மக்கள் இருவரும் நகரத்தில் வேலை பார்ப்பதையும் சேர்த்துச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். நமது தோட்டத்துக்கு என்ன நடக்கும் என்பது எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. மூன்று பிள்ளைகள் மூன்று நாட்டில். மண்வெட்டி பிடிக்க ஒருவருமில்லை. அயல் தறைகளில் மதில்கள் எழுந்துவிட்டன.

ரொறன்ரோவைச் சூழ்ந்த நிலங்களைக் காப்பதற்கு 2005 இல் 'பசுமை வளையச்' சட்டம் இயற்றப்பட்டது உண்மையே. எனினும் வீடுகளின் பசி பெரிது. இப்பகுதியிலுள்ள ஸ்ரோவிலில் வீடமைப்புக்கு முன்னோடியாக 2003 முதல் 2005 வரை அகழ்ந்தபோது, வெண்டாற் என்னும் முதுகுடியினரின் ஊரொன்று வெளிப்பட்டது. தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நெடுவீடுகள் அங்கே இருந்தனவாம். அம்மக்களுக்குச் சோளமும் அவரையும் பூசணியுமே வாழ்வு. சோளத்தண்டில் அவரை படரும்; நிலத்தைப் பூசணியிலை மூடிக் களையை அடக்கும்; இம்மூன்றையும் 'மூன்று சகோதரிகள்' என்பர். இந்த மண்ணிற் பூசணி பயிரிடப்பட்டது வேடிக்கைக்காக அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அம்மையார் எங்களுக்கு உதவியொன்றும் செய்தார். முகம் வெட்டும் காய் தோல் தடித்து, நிமிர்ந்து நிற்பதற்கென்றே தெரிந்த இனம், உண்ணச் சுவையிராது. உண்பதற்கு வேறு உண்டென்று, தட்டையான, மங்கிய மண்ணிறமுடைய, விளிம்பெல்லாம் வரிவிழுந்த ஒரு காயை எடுத்துத் தந்தார். பாலாடைக்கட்டியின் வடிவிருப்பதாற் 'சீஸ் பூசணி' என்று பெயர். எங்கள் ஊர்ப் பூசணிக்கு மிக நெருங்கிய உறவு. இவர் கண்ட மாத்திரத்தே காம்பைத் தடவி, விரல் முட்டியாற் தட்டிப் பார்த்து, "இது நம்முடையது" என்றார்.

திரும்பும் வழியிற் காரின் பின்னிருக்கையில் மகள் பேரனுக்கு ஏதோ மெல்லிய குரலில் ஆங்கிலத்திற் சொல்லிக்கொண்டு வந்தாள். தென்மராட்சி என்ற சொல் மாத்திரம் என் காதில் விழுந்தது.

நான் முதலில் அவன் குடைந்தெடுத்த சதையைச் சமைத்தேன். அது நாராகவும் நீராகவும் போய்விட்டது. அம்மையார் சொன்னது சரி. மறுநாள் சீஸ் பூசணியைத் தோலோடு வெட்டி, தேங்காய்ப் பாலும் கடுகும் கூட்டிக் கறியாக்கினேன். பேரன் இருமுறை கேட்டு வாங்கி உண்டான். முகம் வெட்டும் வேலையில் அவனுக்குக் கத்தி பிடிக்கக் காட்டிக் கொடுத்தவரும் அம்மப்பாதான். கோணல் வாயும் ஒற்றைப் பல்லுமாக அது நான்கு இரவுகள் வாசலில் நின்றது. ஐந்தாம் நாள் அணில் வந்து காதோரத்தைத் தின்னத் தொடங்கியது. "அதாவது தின்னட்டும்" என்று இவர் சன்னலருகே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சியதை நிலம் இறுகுமுன் பின்வளவில் வெட்டிப் புதைத்தார்.

சீஸ் பூசணியின் விதைகளைக் கழுவி, பத்திரிகைத் தாளில் பரப்பி, வீட்டைச் சூடாக்கும் காற்று வருகிற துவாரத்தருகே உலர்த்தினார். ஊரிலென்றாற் சாம்பலிற் புரட்டி அடுப்பின் மேல் தொங்கவிடுவார். அவற்றை இலங்கைக்குக் கொண்டுவர அவருக்குக் கொள்ளை ஆசை. அனுமதிப் பத்திரமின்றி விதை கொண்டுவருதல் 1999 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது என்று மருமகன் சொன்னதும், முகம் வாடினாலும் ஒப்புக்கொண்டார். விதைகள் பேரனிடமே தங்கிவிட்டன. அவன் ஒரு கடிதவுறையில் அவற்றை இட்டு, அம்மப்பா சொல்லும் ஒலிப்படியே 'பூசினி' என்று எழுதினான். ஆசிரியத் தொழில் பார்த்த என் கை பேனாவைத் தேடியது உண்மை, ஆனால் திருத்தவில்லை.

இவ்வாண்டு வைகாசியில் விதைத்தார்கள். ஆடி பிறந்ததும் அழைப்பு வந்தது. கொடி வேலிவரை ஓடிவிட்டது, பூக்கள் நிறைய, ஒரு பிஞ்சுகூட இல்லையென்று பேரன் அழாக்குறையாகச் சொன்னான். "முதலில் ஆண்பூத்தான் வரும், பொறு" என்றார் இவர். பத்து நாட்களின் பின் இங்கே பிற்பகல் மூன்றரை மணி, அங்கே காலை ஆறு. கைத்தொலைபேசியை வேலியிற் சாய்த்து வைத்துவிட்டு அவன் ஆண்பூவைப் பறித்தான். இதழ்களை உரித்துவிடு என்று இவர் இங்கிருந்து கத்தினார். மெதுவாகத் தொடு, இன்னும் மெதுவாக என்றார். பக்கத்து வீட்டார் என்னவோ ஏதோவென்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று காய்கள் பிடித்திருக்கின்றன. ஒன்றை அணில் கடித்துவிட்டதாம்.