பழைய வெள்ளி ரூபாயும் அதன் மதிப்பும்

எங்கள் இண்டூர்ப் பக்கத்தில், பழைய ஓட்டு வீடுகளின் பரணையோ அடுக்குப் பானையையோ துழாவினால், துணியில் முடிந்த நாலைந்து வெள்ளி ரூபாய்கள் இன்றும் அகப்படுவதுண்டு. மாமியார் மருமகளுக்குக் கொடுத்தது, கடலை விற்ற பணத்தில் மிச்சம் பிடித்தது, திருமணத்தில் மொய்யாக வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு இருக்கும். கழுத்தில் ராணி தலை இருந்தால் அது 'ராணி காசு'. ராஜா தலை இருந்தால் 'ராஜா காசு'. வீட்டில் ஒரு நெருக்கடி வரும்போதுதான் அந்த முடிச்சு அவிழ்கிறது. அவிழ்க்கும் நேரத்தில் அதன் மதிப்பு இன்னதென்று அறியாதிருப்பதால், நம் மக்கள் இருவகை மனிதரிடம் ஏமாறுகின்றனர். ஒருவன் மிகக் குறைத்துக் கொடுப்பவன். மற்றவன் மிக அதிகமாகத் தருவதாகச் சொல்பவன். இவ்விருவரில் பின்னவனே கொடியவன் என்பது என் எண்ணம்.

எங்கள் தெருவில் எண்பது வயது கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். பேத்தியைச் செவிலியர் படிப்பில் சேர்த்திருந்தார். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு வழியில்லை. மாமியார் விட்டுச் சென்ற 26 காசுகளையும் ஒரு நாள் காலை என் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து கொட்டினார். "வாத்தியாரய்யா, பாத்திர வியாபாரி வந்தான், எல்லாம் பாதி வெள்ளிதான், பாதி எடைக்குத்தான் காசு என்கிறான். பேரனோ, ஒரு காசுக்கு மூன்று லட்சம் என்று கைப்பேசியில் பார்த்தேன், விற்காதே என்கிறான். யார் சொல்வதை நம்புவது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடையையே சற்று விரிவாக இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, நம் தருமபுரி அடங்கிய பாரமகால் கும்பினியார் கைக்கு வந்தது. காப்டன் ரீடும் அவருக்குக் கீழ் தாமஸ் மன்றோவும் இங்கே வரி வசூலிக்க வந்த காலத்தில், வராகனும் பணமும் பலவகை ரூபாய்களுமாக நாணயங்கள் கலந்து வழங்கின. எது நல்லது, எது தேய்ந்தது என்று தரம் பிரித்துச் சொல்வதற்கென்றே நோட்டக்காரர்கள் இருந்தார்கள். சென்னை மாகாணத்தில் வராகனுக்குப் பதிலாக வெள்ளி ரூபாய் நிலையான நாணயமானது 1818-இல். பிறகு 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தால், கும்பினியின் ஆட்சி நடந்த இடமெங்கும் ஒரே எடை, ஒரே மாற்று உடைய ரூபாய் நடப்புக்கு வந்தது. அதில் நான்காம் வில்லியம் மன்னரின் தலை இருந்தது. சென்னையில் நாணயம் அடித்த இடத்தின் நினைவு இன்றும் தங்கசாலைத் தெரு என்னும் பெயரில் நிற்கிறது; அந்தச் சாலை 1869-இல் மூடப்பட்டுவிட்டது. அதன்பின் நம் ஊருக்கு வந்த ரூபாய்கள் பெரும்பாலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடிக்கப்பட்டவை.

அந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. இன்று நகைக் கடையில் தங்கத்துக்கு 916 என்று முத்திரை போடுகிறார்களே, அதுவும் இதே விகிதந்தான். ஆகவே தேயாத ஒரு ரூபாயில் உள்ள சுத்த வெள்ளி 10.69 கிராம். அரை ரூபாயில் இதில் பாதி. கால் ரூபாயில் கால் பங்கு. இரண்டணா வெள்ளிக் காசில் அரைக்கால் பங்கு. ரூபாயின் எடை அவ்வளவு உறுதியாக இருந்தபடியால் அதுவே எடைக்கல்லாகவும் ஆயிற்று. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை என்பது பழைய சென்னைக் கணக்கு. மளிகைக் கடைகளில் படிக்கல் காணாமற்போனால் ரூபாயைத் தட்டில் வைத்து நிறுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இந்த மாற்று விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ஆகியோர் காலம் முழுவதும் மாறவில்லை. ஆறாம் ஜார்ஜின் 1938, 1939-ஆம் ஆண்டு ரூபாய்களிலும் அப்படியே இருந்தது. இரண்டாம் உலகப் போர்தான் அதை மாற்றிற்று. 1940-இல் பிரான்சு வீழ்ந்ததும் மக்கள் நோட்டை நம்பாமல் வெள்ளியைப் பதுக்கத் தொடங்கினர். தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று ஆணையிட்ட அரசாங்கம், ஒரு ரூபாய் நோட்டையும் வெளியிட்டது. அதே ஆண்டில் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. 1940 முதல் 1945 வரை அடித்த ரூபாயில் நூற்றுக்கு 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். எடை மட்டும் அதே 11.66 கிராம். பழைய நல்ல ரூபாய்களை 1941 முதல் 1943-க்குள் படிப்படியாகச் செல்லாதவையாக்கித் திரும்பப் பெற்றார்கள். திருப்பிக் கொடுக்காமல் பானைக்குள் வைத்தவர்களின் காசுதான் இப்போது நம் கையில் இருப்பது. 1947-ஆம் ஆண்டு ரூபாயோ, புலி உருவம் பொறித்த சுத்த நிக்கல். அதில் குன்றிமணி வெள்ளியும் இல்லை. பளபளப்பைக் கண்டு அதையும் வெள்ளி என்றே பலர் பத்திரப்படுத்தி வைத்திருக்கின்றனர். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் நிக்கல் ரூபாய் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ரூபாய் ஒட்டாது.

ஆகவே மூதாட்டியின் காசுகளை நான் முதலில் ஆண்டுப்படி பிரித்தேன். விக்டோரியா 15, எட்வர்டு 4, ஐந்தாம் ஜார்ஜ் 3. இந்த இருபத்திரண்டும் உயர்ந்த மாற்று. ஆறாம் ஜார்ஜின் 1944, 1945-ஆம் ஆண்டுக் காசுகள் 3. அவை பாதி வெள்ளி. ஒன்று 1947-இன் நிக்கல். பாத்திர வியாபாரி சொன்னது மூன்று காசுகளுக்கு மட்டுமே உண்மை. அதை இருபத்தைந்துக்கும் பொருத்திவிட்டான்.

தருமபுரியில் அறிந்த பொற்கொல்லர் ஒருவரிடம் மின் தராசில் நிறுத்தோம். கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்திருந்தபடியால் இருபத்திரண்டு காசும் சேர்ந்து 252 கிராமே இருந்தன. புதிதாயின் 256 கிராமுக்குச் சற்று மேலிருக்கும். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, 231 கிராம் வெள்ளி. மற்ற மூன்றும் 34.8 கிராம், பாதி 17.4. ஆக மொத்தம் 248.4 கிராம். வியாபாரியின் கணக்குப்படி எல்லாவற்றுக்கும் பாதி என்றால் 143.4 கிராம்தான் வரும். 105 கிராம் வெள்ளி, ஒரு சொல்லில் மறைந்துபோக இருந்தது. கிராம் நூறு ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டாலே பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய். வெள்ளி விலை நாள்தோறும் ஏறி இறங்குவது. விற்கும் நாளின் விலையைச் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டு போவது நல்லது. உருக்கும் கூலிக்கும் சேதாரத்துக்கும் கடைக்காரர் கொஞ்சம் கழிப்பார், அது நியாயமே. எவ்வளவு கழிக்கிறார் என்பதை நிறுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

காசு போலியா என்று அறிய, பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நடத்திய பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. தராசின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாதபடி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எடைதான் காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. நல்ல ரூபாயானால் அது ஏறக்குறைய 1.13 கிராம் இருக்கும். காசின் எடையை இதனால் வகுத்தால் 10.3-ஐ ஒட்டிய எண் வர வேண்டும். ஒன்பதுக்கும் கீழே போனால், மேலே வெள்ளி முலாம், உள்ளே பித்தளை என்று ஐயப்படலாம். இரண்டு விரலால் சுண்டி ஓசை கேட்கும் பழைய முறையும் உண்டு. ஆனால் அதற்குப் பழகிய காது வேண்டும். வார்ப்புக் காசின் முகத்தில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். விளிம்பில் அச்சு சேர்ந்த கோடு இருக்கும்.

இதுவரை சொன்னது உலோக மதிப்பு. சேகரிப்போர் கொடுக்கும் மதிப்பு வேறு. அதற்கு வயது மட்டும் காரணமாவதில்லை. 1862 என்று பொறித்த ராணி காசு மிகப் பழையதாகத் தோன்றும். ஆனால் அந்த ஆண்டெண்ணை மாற்றாமலே பத்தாண்டுக்கு மேல் அடித்துத் தள்ளினார்கள். ஆதலால் அது எங்கும் கிடைப்பது. மூதாட்டியின் பதினைந்தில் ஆறு அந்த ஆண்டினவே. மாறாக, 1939-ஆம் ஆண்டு ரூபாய் வயதில் இளையது; கிடைப்பதோ அரிது.

1911-ஆம் ஆண்டு ரூபாயின் கதை சுவையானது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு சிறு யானை பொறித்திருந்தது. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் பார்ப்பவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. இசுலாமியர் மனம் புண்பட்டது. ஏறத்தாழ 94 லட்சம் அடித்ததில் ஏழு லட்சம் போல வெளிவந்த நிலையில் நிறுத்தி, எஞ்சியவற்றை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனால் 1911-க்குத் தனி விலை. பேரன் காட்டியது 1912. நான் கண்ணாடி வைத்துக் காட்டியபோது அவன் முகம் வாடிவிட்டது. 1911, 1939 இரண்டிலும் போலிகள் மலிந்திருப்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சேகரிப்போர் அடுத்துப் பார்ப்பது தேய்மானத்தை. ராணியின் முடியும் ஆடையின் பூவேலையும் தெளிவாக நின்றால் விலை உயரும். வளையம் பற்றவைத்துக் காசுமாலையில் கோத்ததும், துளையிட்டதும் வெள்ளி விலைக்கே போகும். இங்கே நம் பெண்கள் செய்யும் ஒரு பிழையைக் குறிப்பிட வேண்டும். விற்கப் போகும் முன், புளியும் சாம்பலும் போட்டுக் காசைத் தேய்த்துவிடுகின்றனர். கறுத்திருக்கும் மேற்பூச்சு பல்லாண்டு வயதின் அடையாளம். அதைத் தேய்த்த காசைச் சேகரிப்பவர் தொடமாட்டார். குத்துவிளக்குக்குப் பொருந்துவது காசுக்குப் பொருந்தாது.

இனி, அதிகம் தருவதாகச் சொல்பவனிடம் வருகிறேன். பேரன் கைப்பேசியில் ஒரு விளம்பரம் கண்டு, காசின் படத்தை அனுப்பியிருக்கிறான். உடனே மூன்று லட்சத்துக்கு விலை பேசி, பதிவுக் கட்டணம் என்று இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள், கட்டினான். பிறகு வரி என்று எட்டாயிரம். அதையும் கடன் வாங்கிக் கட்டினான். ரிசர்வ் வங்கியின் முத்திரை போட்ட கடிதம் ஒன்றும் வந்தது. மூன்றாம் முறை கேட்டபோதுதான் பாட்டியிடம் சொன்னான். ரிசர்வ் வங்கி பழைய நாணயம் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. அதற்காக எவரிடமும் கட்டணமோ தரகோ கேட்பதுமில்லை. இதை அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கையாக வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. வாங்குகிறவன் விற்கிறவனிடம் முன்பணம் கேட்பது எந்தச் சந்தையிலும் இல்லாத வழக்கம். மாட்டுத் தாவணியில் ஒருவன் அப்படிக் கேட்டால் சிரிப்போம். கைப்பேசியில் கேட்டால் கட்டிவிடுகிறோம்.

இராமர், அனுமன் உருவத்தோடு 1818 என்று ஆண்டு பொறித்து, கும்பினிக் காசு என்று விற்கப்படுவனவும் இத்தகையவே. கும்பினியார் அவற்றை அடிக்கவில்லை. அரிசியை இழுக்கும் காசு என்று ஒன்றைக் காட்டிக் கோடிக்கணக்கில் பேசுபவர்களும் நம் மாவட்டங்களில் உலவியதுண்டு. எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. இரும்புத் தூள் ஏற்றிய அரிசியைக் காந்தம் இழுக்கும். ஆறாம் வகுப்பு மாணவனுக்குத் தெரிந்த செய்தி.

சட்டத்தையும் சிறிது அறிந்திருக்க வேண்டும். வீட்டில் வழிவழியாக வந்த காசு உங்களுடையது. நிலத்தைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் வழி வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதானால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பவருக்குச் சட்டம் பங்கும் தருகிறது. அரசு தானே எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க இடமுண்டு. மறைப்பவருக்கோ பொருளும் போகும், தண்டனையும் வரும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாம் காணும் நாணயங்கள் பல இவ்வாறு வந்தவையே. நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் உள்ள ஒருவர் அஞ்சலில் அனுப்பச் சொன்னால் இணங்க வேண்டாம்.

மூதாட்டியின் காசுகளில் தேயாத விக்டோரியா மூன்றை, நாணயம் சேர்க்கும் ஒருவரிடம் காட்டுவதற்காக ஒதுக்கிவைத்தோம். எட்வர்டு காசு ஒன்றைப் பேத்தியின் திருமணத்துக்கென்று அவரே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். மீதி வெள்ளியை இரண்டு கடைகளில் விசாரித்து, கூடுதலாகக் கொடுத்த கடையில், எடையும் மாற்றும் எழுதிய சீட்டுடன் விற்றோம். கட்டணம் கட்டியாயிற்று. பேரன் இழந்த பத்தாயிரத்து ஐந்நூறு மட்டும் திரும்பவில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறான். நிக்கல் ரூபாய் என் மேசைமேல் இருக்கிறது. தெருப்பிள்ளைகள் வந்து காந்தத்தை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.