உங்களுக்குத் தெரியுமா? 25 ஊர், இடையே சாலை இல்லை!

கனடாவின் வடகோடி ஆட்சிப்பகுதியான நூனவுட்டில் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலையே கிடையாது! பரப்போ ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டர்.

• பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. கழிவுநீரும் லாரியில்தான் போகிறது. பனிப்புயல் அடித்தால் இரண்டும் நின்றுவிடும். பல வீடுகளில் கழிவுத் தொட்டி நிரம்பியதும் தண்ணீர் மோட்டார் தானாகவே நின்றுவிடும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கும், ஆனால் கை கழுவ முடியாது.

• மின்சாரம் டீசலில். அந்த டீசல், கடலில் பனி விலகும் கோடையில் கப்பலேறி வர வேண்டும்.

• பல ஊர்க் கர்ப்பிணிகள் பிரசவத்துக்கு விமானம் ஏறுகிறார்கள்.

• இதையெல்லாம் பேசும் சட்டமன்றத்தில் 22 உறுப்பினர்கள். கட்சி என்று ஒன்றுமில்லை. அவைச் செங்கோல், நார்வால் திமிங்கிலத்தின் தந்தம்.