திராட்சைப் போத்து நடும் முறை

விதையிலிருந்து முளைக்கும் திராட்சை தாய்க்கொடியின் குணத்தை அப்படியே கொள்வதில்லை; போத்தில் வளர்வது அக்குணம் மாறாது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையும் போத்தினாலேயே பெருக்கப்படுகிறது. நம் அங்கத்தினர் இதனை வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளலாம்.

கவாத்துச் செய்யும் காலத்தில், நன்கு காய்க்கும் நோயற்ற கொடியிலிருந்து, முற்றிப் பழுப்பேறிய, பென்சில் கனமுள்ள கிளையைத் தேர்ந்துகொள்க. நான்கு கணுக்கள் உள்ள துண்டாக, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்கணுவுக்கு ஓரங்குலம் மேலே சாய்வாகவும் வெட்டுக. தலைகீழாக நட்டுவிடாமலிருக்க இவ்வேறுபாடு உதவும். மணல், செம்மண், மக்கிய தொழு எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்த தொட்டியில், இரு கணுக்கள் புதையுமாறு நட்டு நிழலில் வைக்க வேண்டும். ஈரம் காயவும் கூடாது. நீர் தேங்கவும் கூடாது.

சில வாரங்களில் தளிர் தோன்றும். நாம் கண்டவரையில், புதிதாக நடுவோர் போத்தை இழப்பது இந்நிலையில்தான். தளிரைக் கண்டு மகிழ்ந்து வெயிலுக்கு மாற்றிவிடுகின்றனர்; அல்லது வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்கின்றனர். அத்தளிரோ கட்டையில் சேர்ந்திருந்த உணவினால் வந்தது. வேர் பின்னரே ஓடும். ஆகவே இரண்டு மூன்று மாதம் பொறுத்திருந்து, வேர் செறிந்தபின் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, மண்கட்டி உடையாமல் நடுக. பொறுத்தவர் வீட்டில் பந்தல் நிழலும் பழமும் ஒருங்கே சேரும்.