ரைன் கரையில் ஒரு லீவ் லெட்டர்!

என் லீவ் லெட்டர் மூன்று வாரமாகத் தூங்கிக் கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில்தான் அனுப்பியிருந்தேன். ஆனாலும் என்ன? கம்ப்யூட்டருக்குள்ளேயும் ஒரு மேஜை இருக்கிறது சார்! அந்த மேஜையில் ஒரு பேப்பர் வெயிட்டும் இருக்கிறது!

2019 டிசம்பர். ஆபீஸ் வேலையாக ஃப்ராங்ஃபர்ட்டில் இருந்தேன். ஊரில், கும்பகோணத்தில், அம்மாவுக்கு ஜனவரி முதல் வாரம் கண் ஆபரேஷன். அப்பா இல்லை. நான் ஒரே பிள்ளை. பத்து நாள் லீவ் கேட்டிருந்தேன். கடைசியில் சென்னையிலிருந்து மானேஜர் போன் செய்தார். குரலில் தேன்.

"மார்ச் கடைசியில ப்ராஜெக்ட் முடிஞ்சிடுதேப்பா. அப்ப நிதானமா போயேன். நானே உனக்கு ஒரு மாசம் லீவ் தரேன்!"

அன்று ராத்திரி அம்மாவிடம் சொன்னால், அவளும் அவர் கட்சி.

"மார்ச்சுக்கே வெச்சுக்கலாம்டா. கண்ணு எங்க ஓடிப் போயிடப் போகுது?"

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். 'திங்கட்கிழமை முடிவு சொல்றேன்' என்று வைத்துவிட்டேன்.

பக்கத்து சீட்டில் ஒரு ஜெர்மன்காரர். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் பாக்கி. ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அதில் இரண்டு 'குட் மார்னிங்'. என் மூஞ்சியைப் பார்த்தே ஏதோ புரிந்திருக்க வேண்டும். "சனிக்கிழமை வேலை இருக்கா? என் மனைவியோட ஊர்ல கிறிஸ்துமஸ் சந்தை. வா" என்றார். ஒரேயடியாகப் பன்னிரண்டு நாள் பேச்சைச் செலவழித்துவிட்டார்!

ஊர் பெயர் ரூடெஸ்ஹைம். ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். ஒரு பக்கம் ரைன் நதி, இன்னொரு பக்கம் மலைச் சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம். நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில் ரயில் பாதையும் ஊரும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பாதையில் சரக்கு ரயில்கள் வந்துகொண்டே இருக்கும். ஒன்று வந்தால், பேசிக் கொண்டிருப்பவர்கள் பாதி வார்த்தையில் நிறுத்தி, அது போனதும் மீதி வார்த்தையிலிருந்து தொடர்கிறார்கள். சண்டை போடும் தம்பதிகளுக்கு நல்ல ஊர்!

மலை உச்சியில் ஜெர்மனி ஒன்றான வெற்றிக்காக 1883-ல் திறந்து வைத்த நினைவுச் சின்னம். 38 மீட்டர் உயரம். கீழிருந்தே கும்பிட்டுவிட்டேன்.

ட்ரோசல்காஸ என்ற சந்துக்குள் நுழைந்தோம். 144 மீட்டர் நீளம். இரண்டு குண்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். இருபுறமும் ஒயின் கடைகள், தலைக்கு மேலே விளக்குத் தோரணம். சந்து முடிந்து வெளியே வந்தால், தெருவெல்லாம் மரப்பெட்டிக் கடைகள். மெழுகுவர்த்தி, மர பொம்மை, சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம் பருப்பு... அந்த பாதாம் வாசனை இருக்கிறதே, அது மாமாங்கக் குளத்தங்கரை வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆளுயரத்தில் மாட்டுத் தொழுவம், மேரி, குழந்தை. பனி பெய்யும் என்று சினிமாவில் பார்த்து நம்பியிருந்தேன். மழைதான் பெய்தது. சிணுங்கல் மழை.

ஒரு விஷயம் கவனித்தேன். யாரும் பெரிதாக எதையும் வாங்கவில்லை! எல்லோரும் கையில் ஒரு சூடான கோப்பையை வைத்துக்கொண்டு நின்று பேசுகிறார்கள். 'க்ளூவைன்' என்று பெயர். ஒயினில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் எல்லாம் போட்டுச் சூடாக்குவது. ஏறக்குறைய நம் வீட்டுக் கஷாயத்துக்குக் கெட்ட சகவாசம் ஏற்பட்டால் எப்படியோ அப்படி.

எனக்குச் சிக்கல். விமானம் ஏறும்போது அம்மாவிடம் ஒரு சத்தியம் செய்திருந்தேன். என்ன சத்தியம் என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் செய்திருப்பீர்கள். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை. போய் 'கிண்டர்புன்ஷ்' வாங்கி வந்தார். பழரசத்தில் அதே பட்டை கிராம்பு. வாங்கிய பிறகுதான் சொன்னார், கிண்டர் என்றால் குழந்தைகள். பக்கத்தில் ஐந்து வயசுப் பையன் ஒருவன், அதே கோப்பையோடு என்னை மேலும் கீழும் பார்த்தான்!

கோப்பை பீங்கான். அதற்குத் தனியாக டெபாசிட். திருப்பித் தந்தால் பணம் வாபஸ்; மனசு வராவிட்டால் கோப்பை நமக்கே.

அவருடைய மச்சினர் அங்கே ஒயின் கடை போட்டிருந்தார். மலையில் சொந்தமாகத் தோட்டம். இந்த ரைன்காவ் பகுதியில் பெரும்பாலும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைதான். என் லீவ் லெட்டர் கதையை மச்சினரிடம் பெரியவர் ஜெர்மனில் சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம். "சிரிக்காமல் என்ன செய்வார்? எங்க ஊர் ஒயினுக்குப் பேர் வந்ததே உன் மாதிரி ஒரு சாங்ஷன் லேட்டானதாலதான்!" என்றார் பெரியவர்.

கதை இது. பக்கத்திலேயே யோஹானிஸ்பெர்க் என்று ஒரு மாளிகை. 1775-ல் அது ஃபுல்டா என்ற ஊரிலிருந்த மடாதிபதிக்குச் சொந்தம். அவர் எழுத்து மூலம் உத்தரவு தந்தால்தான் திராட்சை பறிக்கலாம். குதிரையில் ஆள் அனுப்பினார்கள். அந்த ஆள் உத்தரவோடு சீக்கிரம் திரும்பவில்லை. ஏன் லேட் என்பதற்கு ஆளுக்கொரு கதை. அவன் வந்து சேர்வதற்குள் திராட்சையெல்லாம் கொடியிலேயே சுருங்கி, பூஞ்சணம் பிடித்துவிட்டது. தலையிலடித்துக்கொண்டு அதையே பிழிந்தார்கள். அப்படி ஒரு ஒயினை அதுவரை யாரும் குடித்ததில்லையாம்! 'ஷ்பேட்லேஸ', அதாவது தாமத அறுவடை என்று அதற்குத் தனி ஜாதியே உண்டாகிவிட்டது. லேட்டாக வந்த குதிரைக்காரனுக்கு அந்த மாளிகையில் சிலை வைத்திருக்கிறார்கள். நம் ஆபீஸ்களில் இந்தக் கணக்கில் சிலை வைக்க ஆரம்பித்தால் உட்கார இடம் இருக்காது.

"அப்ப மார்ச் வரைக்கும் காத்திருக்கலாம்ங்கறீங்க?" என்றேன்.

ஒரு சரக்கு ரயில் வந்தது. ரொம்ப நீளமான ரயில். அது போகும் வரை மச்சினர் வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, தெரிந்த இங்கிலீஷில் அவரே சொன்னார்.

மலையில் சில வரிசைகளை மட்டும் பறிக்காமல் விட்டு வைத்திருக்கிறாராம். வலை போட்டு மூடியிருக்கிறது. ஐஸ்வைனுக்காக. திராட்சை கொடியிலேயே உறைய வேண்டும். சட்டப்படி மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனால்தான் பறிக்கலாம். விடியற்காலையில் அக்கம்பக்கத்தாரையெல்லாம் போன் போட்டு எழுப்பி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறித்து, உறைந்தபடியே பிழிவார்கள். தண்ணீர் ஐஸாகச் சக்கையோடு நின்றுவிடும். தேன் மாதிரி கொஞ்சூண்டு சாறு மட்டும் சொட்டும். அந்தக் கொஞ்சத்துக்கு நல்ல விலை.

"இப்ப எத்தனை டிகிரி?" என்றேன்.

"ப்ளஸ் ஐந்து" என்றார். "தினம் ராத்திரி தெர்மாமீட்டரைப் பார்த்துட்டுத்தான் படுக்கறேன். தினம் கொஞ்சம் அழுகுது. தினம் கொஞ்சம் பறவை தின்னுது. வலையைக் கிழிச்சா காட்டுப் பன்றி. முன்னெல்லாம் குளிர் கட்டாயம் வரும், நாள்தான் தெரியாது. இப்ப வருமாங்கறதே தெரியலை." கோப்பையைத் துடைத்தபடி, "அக்டோபர்லயே பறிச்சிருந்தா சாதாரண ஒயினாவது ஆகியிருக்கும்" என்றார்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய வார்த்தைகள் தீர்ந்துவிட்டன போலும். எனக்கு மட்டும் இன்னொரு கிண்டர்புன்ஷ் வாங்கித் தந்தார்.

திரும்பும் ரயிலில் செல்போனிலேயே டிக்கெட் போட்டேன். பண்டிகை சீசன், விலையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். திங்கட்கிழமை மானேஜருக்கு இரண்டே வரி. 'லீவ் வேண்டும்' என்று அல்ல. 'மூன்றாம் தேதி கிளம்புகிறேன். பதினான்காம் தேதி வேலையில் இருப்பேன்.' அனுப்பிவிட்டு, வேலை போய்விட்டால் எந்த மளிகைக் கடையில் கணக்கு எழுதலாம் என்று யோசித்துக் கொண்டிருந்தேன். பதினோராவது நிமிஷம் பதில் வந்தது. 'நோட்டட். ஹேவ் எ சேஃப் ஜர்னி.' மூன்று வாரம் தூங்கிய பேப்பர் வெயிட் என்னவாயிற்று என்று இன்றுவரை தெரியாது!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் அம்மா முதலில் சொன்னது: "என்னடா, இவ்வளவு கறுத்துட்ட?" குளிர் நாட்டிலிருந்து வந்தவனைப் பார்த்து! அந்தச் சந்தைக் கோப்பையைக் கொண்டு போயிருந்தேன். டெபாசிட்டை விட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது அதில் வெந்தயம் இருக்கிறது.

மார்ச் 2020-ல் ஜெர்மன் ஒயின் கழகம் அறிவித்தது: நாட்டின் 13 திராட்சைப் பகுதிகளில் எதிலுமே அந்தக் குளிர்காலத்தில் ஐஸ்வைனுக்குக் குளிர் போதவில்லை. இப்படி ஆனது அதுவே முதல் தடவை. மச்சினர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டாராம். அதே மாதம் 22-ந் தேதிக்குப் பிறகு இந்தியாவுக்கு விமானங்கள் நின்றன. 25-ந் தேதி முதல் ஊரடங்கு. கும்பகோணத்தில் கண் ஆபரேஷனெல்லாம் காலவரையறையின்றித் தள்ளிப் போய்விட்டது என்று அம்மாதான் வீடியோ காலில் சொன்னாள். பக்கத்து வீட்டு மாமி மார்ச்சுக்கு நாள் குறித்திருந்தாளாம்.

நான் ஃப்ராங்ஃபர்ட் அறையில் அடைபட்டுக் கிடந்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா திரையில் முகத்தைக் கிட்டே கொண்டு வந்தாள்.

"அது இருக்கட்டும். உன் பின்னால செவத்து மூலையில ஒட்டடை தொங்குது பாரு. முதல்ல அதை அடிடா!"