செங்காவி பூசிய வண்ணக்கலங்கள்

பெங்களூரிலிருந்து வடமேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், சித்திரதுர்க்க நகரை அடுத்து சந்திரவள்ளி என்னும் இடம் உள்ளது. அதே மாவட்டத்தில் மொளகால்மூரு வட்டத்தைச் சேர்ந்தது பிரம்மகிரி. இவ்விரு இடங்களிலும் 1947ஆம் ஆண்டில் ஸர் மார்ட்டிமர் வீலர் அகழ்வாராய்ச்சி நடத்தினார். அங்குக் கிடைத்த பொருள்களுள், கோடுகள் தீட்டப்பெற்ற செந்நிறக் கிண்ணங்களும் தட்டுகளும் குறிப்பிடத்தக்கவை. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் இவ்வகை ஓடுகள் கிடைத்துள்ளன.

இக்கலங்கள் சக்கரத்தில் வனையப்பட்டவை. குயவர் முதலில் வெண்களிமண் குழம்பினால் நேர்கோடுகளையும் வளைகோடுகளையும் வரைந்தார். அவற்றின்மீது செங்காவி நீரை மெல்லியதாகப் பூசினார். பின்னர்ச் சூளையில் இட்டார். காவியிலுள்ள இரும்பு, சூளையில் காற்றோட்டம் மிகுந்திருந்தால் சிவந்த நிறம் பெறும். அடியிலுள்ள வெண்கோடுகள் காவியின் ஊடே வெளிர்மஞ்சளாகத் தோன்றும். காற்றுக் குறைந்து புகை சூழ்ந்தால் களிமண் கருநிறம் அடையும். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவிலுள்ள பியூப்ளோ குயவர்கள், எரியும் சூளையைச் சாணத்தூளால் மூடிக் கரிய கலங்களை உண்டாக்குவதும் இத்தத்துவத்தைக் கொண்டேயாம். அவர்கள் சக்கரமின்றி, மண்திரிகளைச் சுற்றி அடுக்கிக் கலம் செய்பவர்கள்.

எழுத்தோ தேதியோ இல்லாத ஓட்டின் காலம் எவ்வாறு அறியப்பட்டது? புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் வீலர் 1945இல் அகழ்ந்தபோது, ரோமானியக் கலங்களுடன் உருளைப்பற்களால் புள்ளிவரிசை பதிக்கப்பெற்ற தட்டுகளும் வெளிப்பட்டன. ரோமானியக் கலங்களின் காலம் முன்னரே தெரிந்திருந்தது. அதே வகைத் தட்டுகள் சந்திரவள்ளியில் செங்காவிக் கலங்களுடன் ஒரே மண்ணடுக்கில் கிடைத்தன. ஆகவே, இவை கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டுகளில் வழங்கியவை என்று வீலர் முடிவு செய்தார். ஓட்டிற்குக் காலம் கூறியது அதனோடு கிடந்த துணைப்பொருளேயாகும்.

இதிலிருந்து கிராம ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. உழவின்போதோ கிணறு வெட்டும்போதோ வண்ண ஓடுகள் தென்பட்டால், மாணவர்களைக் கொண்டு தோண்டிச் சேகரித்தல் தகாது. இடம் பெயர்ந்த ஓடு பள்ளிக் கண்காட்சிக்கு அழகு செய்யலாம். ஆயின் அதன் வரலாறு அழிந்துபோகும். படிந்த மண்ணைச் சுரண்டுதலும் கூடாது. மெல்லிய காவியுடன் கோடுகளும் போய்விடக்கூடும். கிராமத்தின் பெயர், நில அளவை எண், கண்ட ஆழம் ஆகியவற்றைக் குறித்துத் தொல்பொருள் துறைக்குத் தெரிவித்தலே செய்யத்தக்க பணியாகும்.